வாக்குச்சாவடியில் நீ சொன்ன பதில்

தம்பிக்கு,

எல்லை தாண்டி வந்தவர் ஓட்டுப் போடுவதை எந்தக் கட்சி முகவரும் தடுக்கலாம் என்ற புதுச் சட்டம் உனக்கு நியாயம், எனக்கு அநியாயம். அதைத் தொண்டை வறளப் பேசித் தீர்த்துவிட்டோம். அதற்காக இதை எழுதவில்லை.

நேற்று வாக்குச்சாவடியில், வரிசையில் என் பின்னால் நின்றவரைப் பார்த்ததும் முகவர் நாற்காலியிலிருந்து நீ எழுந்தாய்.

"சார், இவரு வெளியிலேர்ந்து வந்தவரு. ஓட்டுப் போட விடக்கூடாது."

"உங்களுக்கு இவரத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

நீ மேசையைப் பார்த்துக்கொண்டே, "இந்தப் பக்கம் பாத்திருக்கேன்" என்றாய்.

அவரை அத்தான், அத்தான் என்று வாய் நிறையக் கூப்பிட்டவன் நீ. உனக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஓட்டுப் போடாமலே வெளியே போய்விட்டார். வீட்டுக்கு வந்து, "அவன் கட்சி வேலைய அவன் பாத்தான், விடும்மா" என்றார். ஆனால் சாப்பிட உட்காரவில்லை.

என்னால் விட முடியவில்லை. இன்று காலை எதிர்க்கட்சி அலுவலகத்துக்குப் போய், முகவராக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த தேர்தலில் உன் எதிரில் உட்காருவேன். நீ தடுக்கும் ஒவ்வொருவருக்காகவும் உன்னோடு மல்லுக்கு நிற்பேன்.

ஆனால் அத்தனை பேர் முன்னாலும் உன்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

உன் அக்கா