தொடாத எலுமிச்சை

திருவனந்தபுரம், மார்ச் 1938

அப்பாவுக்கு மகள் ரத்னாபாயின் வணக்கம். ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உங்கள் மூட்டுவலி, அம்மாவின் இருமல் எப்படி?

தம்பி பெண்டாட்டி எலிசாளின் கையெல்லாம் ரத்தம் கட்டி நீலமாவது ரத்தக்குழாய் பலவீனத்தால்தான், எலுமிச்சை கொடுத்தால் சரியாகும் என்று ஒரு கூடைப் பழத்தோடு அவளை என்னிடம் அனுப்பினீர்கள். பத்திரிகையில் வாசித்தீர்களாம். பொய்யில்லை. எலுமிச்சைத் தோலில் அப்படியொரு சத்து இருப்பதாக எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரும் வாசித்திருக்கிறார். அவர் எலிசாளின் கையில் பட்டை கட்டி இறுக்கிப் பார்த்தார். பலவீனம் இருந்தால் சிவப்புப் புள்ளிகள் கிளம்புமாம். ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

பத்திரிகை வாசிக்கிற கண்ணுக்கு, அடுத்த அறையில் உங்கள் மகன் யோசுவா கை ஓங்குவது தெரியவில்லையா?

அவளைக் கூட்டிப்போக அவன் இங்கே வரக் கூடாது. அவள் சேலைப் பெட்டியையும் என் பழைய போர்வையையும் பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். நர்ஸ் விடுதியில் எல்லாருக்கும் மலையாளம். எனக்கும் தமிழில் பேச ஒருத்தி இருக்கட்டும்.

டியூட்டி மணி அடித்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எலிசாளுக்குப் புளிப்பே ஆகாது. உங்கள் கூடையில் ஒரு பழத்தைக்கூட அவள் தொடவில்லை, எல்லாம் வாடிக் கிடக்கின்றன. ஆனாலும் இங்கே வந்த பிறகு அவள் உடம்பில் புதிதாக ஒரு நீலம்கூட வரவில்லை.

ரத்னாபாய்