நீ இறக்கிய ஷட்டர்

அன்பு மகன் சுஃப்யானுக்கு, அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று நாள் உன்னை உள்ளே வைத்திருந்துவிட்டு வெளியே விட்டார்கள் என்ற சேதி வந்த பிறகுதான் இங்கே எல்லோரும் நலம். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்ததற்கு வெட்கப்படாதே, உயிரோடு வந்தாயே, அது போதும் எனக்கு. உன் அம்மா நேற்றுத்தான் வயிறாரச் சாப்பிட்டாள், சாப்பிட்ட தெம்பில் என்னைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். போனில் பேசினால் யார் கேட்பார்களோ என்று, விமானமேறி அங்கே வரும் நம் சிக்கந்தர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அமைச்சர் மகனுக்கே எல்லா டெண்டரும் போகிறது என்று எழுதிய பக்கத்துக் கடை செல்போன் ரிப்பேர்க்காரரைப் பிடித்துப் போனதும், நீ பாட்டுக்கு உன் கடை ஷட்டரை இறக்கிவிட்டாயாமே. நம் ஊர் காந்திபுரத்தில் ஒரு கடைக்காரருக்கு ஒன்றென்றால் வீதியே கடையடைக்கும், அதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. அந்த நாட்டில் அது அரசுக்கு எதிரான சதி என்று யார் கண்டது. மற்ற கடையெல்லாம் திறந்தே இருந்தது என்று கேட்டு எனக்கு ஆத்திரம் வந்தது, அப்புறம் யோசித்தேன். அந்த அரசைத்தான், சந்தையைத் திறந்துவிட்டார்கள், ஒரே நாளில் லைசென்ஸ், லஞ்சமே கிடையாது என்று எத்தனை பேரிடம் மெச்சியிருப்பேன். கொடுத்த கை அதே வேகத்தில் பிடுங்கவும் செய்யும் என்று தோன்றவில்லையே. ஆளுக்கொரு கடையும் கடனும் ஆகிவிட்டது, இனி யார் வாயைத் திறப்பார்கள்?

அவர்களைச் சொல்லி என்ன கண்ணு. அந்த அரசுக்கு முந்நூறு பம்ப்செட் அனுப்பும் ஆர்டர் நம் கையில் இருக்கிறது. வியாபாரிங்க சங்கத்துல சொல்லுங்கத்தா, பேப்பர்ல போடச் சொல்லுங்கத்தா என்று உன் தங்கை ஷைமா அழுதாள். கேட்டவர்களிடமெல்லாம் உனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். மகன் ஜெயிலில் இருந்தான், நான் ஆர்டரைக் காப்பாற்றினேன். அம்மா திட்டுவது அதற்குத்தான்.

இனிமேல் அப்படிச் செய்யாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, படித்ததும் இதைக் கிழித்துப் போடு. அந்த ரிப்பேர்க்காரர் இன்னும் உள்ளேதான் இருக்கிறாராம், அவர் வீட்டுக்கென்று அம்மா தேங்காய் பன் கட்டிக் கொடுத்திருக்கிறாள். நீயே கொண்டுபோய்க் கொடு. பகலில் போ, கடைவீதி வழியாகவே போ, அத்தாதான் போகச் சொன்னார் என்று சொல்.

அல்லாஹ் உன்னைக் காப்பானாக.

துஆவுடன்,
உன் அத்தா
அக்பர் அலி