இடதுபக்கத்து பிரேக்

அத்தை,

பிரேக் கருகும் வாசனை உங்களுக்கு மறந்திருக்காது. தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போகும் லாரியிலிருந்து அது வந்ததுமே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏ புள்ள, அவன் கிட்டப் போவாத, அவன் வண்டி தீயுது" என்பீர்கள். முந்தாநாள் அதே வாசனை நம் வண்டியிலிருந்து வந்தது. அதுவும் தருமபுரி சர்வீஸ் சென்டரில், நாலு பேர் பார்க்க.

நீங்கள் பார்க்காத வண்டி இது. தக்காளி லோடு கூடிப்போய் நம் சின்ன வண்டி குட்டியானை திணறியதால், நீங்கள் போன பிறகு இந்தப் பெரிய பிக்கப்பை எடுத்தோம். முந்தாநாள் அதற்கு முதல் சர்வீஸ். "அடுத்தவங்க கைக்குப் போற பொருளு அழுக்கா போவக்கூடாது" என்று நீங்கள் சொல்வீர்களே, அதனால் விடிந்ததும் இண்டூரில் நம் வீட்டு வாசலிலேயே தேய்த்துக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் கட்டி ஓட்டிப்போனேன். வாசலில் இருந்த பெண் சிரித்தேவிட்டாள். "அக்கா, இங்க வாட்டர் வாஷ் ஃப்ரீங்க. எல்லாரும் சேத்தோடதான் வருவாங்க" என்றாள். உங்கள் பேச்சைக் கேட்டால் இப்படித்தான்.

சிரிப்பு அதோடு நின்றது. முன்சக்கரத்தைக் கழற்றியதும் அந்தக் கருகல் வாசனை கிளம்பியது. மெக்கானிக் தம்பி, பிரேக் பேடைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொத சர்வீஸ்லயே இவ்ளோ தேஞ்சு நான் பாத்ததில்லீங்க. யாருங்க ஓட்டறது?"

கூட வந்திருந்த உங்கள் மகன் மோவாயால் என்னைக் காட்டினார். ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை வியர்க்கும் மனிதர், அன்றைக்கு மோவாயை மட்டும் தைரியமாக நீட்டினார்.

"இறக்கத்துல பிரேக் மேலயே கால வெச்சிருக்காதீங்கக்கா. சின்ன கியர்ல வுட்டா வண்டியே புடிச்சுக்கும்" என்றார் தம்பி. எனக்குத் தெரியாததா? இத்தனை வருஷம் அப்படித்தானே இறங்கினேன். இப்போது கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

காரணம் நீங்கள்தான். இடதுபக்கம் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவீர்கள். "புடி புள்ள, புடி! முனியப்பா, பஸ்ஸு வருது! ஐயோ, மாடு!" மாடு அந்தப் பக்கத்து வயலில் மேய்ந்துகொண்டிருக்கும். நீங்கள் கத்தக் கத்த, எனக்கு வீம்பு ஏறும். பயப்படும் வேலையை முழுசாக நீங்களே எடுத்துக்கொண்டதால் என் பங்குக்குப் பயமே மிஞ்சவில்லை. வண்டிக்குள் அவ்வளவு திட்டுவீர்கள். பாலக்கோடு மார்க்கெட்டில் ஒருவர், "பொம்பளைய நம்பி வண்டியக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டபோது மட்டும் அவரிடம் பாய்ந்தீர்கள். "என் மருமவ ஓட்டறா, நான் பிரேக் புடிக்கறேன். உனக்கெங்க நோவுது?"

இப்போது இடதுபக்கம் சத்தமே இல்லை. நீங்கள் எங்கெல்லாம் கத்துவீர்களோ, அங்கெல்லாம் என் கால் தானாகப் பிரேக்கை அழுத்துகிறது. மெக்கானிக்கிடம் இதைச் சொல்ல முடியுமா? மாமியார் இல்லாததால் பிரேக் தேய்கிறது என்றால் எந்தக் கம்பெனி ஒப்புக்கொள்ளும்?

உங்கள் மகன் அந்த இடத்திலேயே ஆரம்பித்தார். "பாத்தியா? இதுக்குத்தான் ஒரு டிரைவரப் போட்டுடலாம்னேன். நீ வூட்ல நிம்மதியா இரு." எனக்கு வந்த கோபம் உங்களுக்குத் தெரியும். அந்த ஸ்டீயரிங்கை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? "நாளைக்கு சேலம் லோடு. பக்கத்துல உக்காந்து வாங்க. அடிவாரம் போயி இந்த வாசன வந்துச்சுன்னா சாவிய நீங்களே எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டேன்.

நேற்று விடியற்காலையில் கிளம்பினோம். பின்னால் நிறைய தக்காளிக் கிரேட்டு, பக்கத்தில் நீதிபதியாக உங்கள் மகன். டோல்கேட் தாண்டியதும் பார்க்கிறேன், நீதிபதி வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறார்.

தொப்பூர் இறக்கம் ஆரம்பித்தது. சின்ன கியருக்கு மாற்றினேன். முன்னால் சிமெண்டு லாரி ஒன்று நெளிந்துகொண்டு போனது. வளைவு வந்ததும் என் கால் துடித்தது. அழுத்தாமல் இருக்க வேறு வழி தெரியவில்லை அத்தை. வாயைத் திறந்து உங்கள் குரலிலேயே கத்தினேன்: "புடி புள்ள, புடி! முனியப்பா, லாரி!"

பிரேக்கைத் தொடாமல் கால் அப்படியே நின்றது. வண்டி உறுமிக்கொண்டு தானே மெதுவாக இறங்கியது. அடுத்த வளைவிலும் கத்தினேன். அதற்கடுத்த வளைவில், இல்லாத மாட்டுக்கும் சேர்த்துக் கத்தினேன்.

உங்கள் மகன் துள்ளி எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டார். "என்னா ஆச்சு? யாரு கத்துனது?"

"உங்கம்மா" என்றேன்.

அடிவாரம் வந்ததும் கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியே நீட்டி, இழுத்து மோந்து பார்த்தார். காலைக் காற்றுதான் வந்தது. சாவிப் பக்கம் அவர் கையே போகவில்லை. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு, திரும்பவும் சாய்ந்து தூங்கிப்போனார்.

தூங்கட்டும் அத்தை. கத்துவதை இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.