பாலத்தில் நிற்கும் வண்டி

மார்ச் 4

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் மாமா எழுதுவது. நான் நலம். என் நலத்தைப் பார்க்கிறவர்கள்தான் வயிற்றெரிச்சலில் கொஞ்சம் நலமில்லாமல் இருக்கிறார்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்காதே. போனில் நீ குறுக்கே பேசுகிறாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டு இருந்தே ஆகவேண்டும்.

தெரு நடுவே ஓடுகிற நம் நகர ரயிலுக்குப் புது வண்டிகள் வந்து இறங்கிவிட்டன! ஒவ்வொன்றும் அரை கிலோமீட்டர் நீளம். ஓட்டுகிறவன் அறையில் பெடலே இல்லை, ஒரே ஒரு திரைதான். தொட்டால் ஓடுகிறது. இதற்கு எதற்கு ஓட்டுநர், ஒரு பூனையை உட்கார வைத்தால் போதும் என்று சொன்னேன். பெரிய என்ஜினியர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர்தான் எங்களை எல்லாம் கூட்டி வைத்து, "புது வண்டி ஓடுற வரைக்கும் பழசு தாங்குமா?" என்று கேட்டார். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. "என் கையில விடுங்க சார். இன்னும் பத்து வருஷம் ஓட்டிக் காட்டுறேன். எனக்கு லீவும் வேணாம், ஒண்ணும் வேணாம். தூங்கிக்கிட்டே ஓட்டுவேன்!" என்றேன். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. வண்டிகளைப் பழுது பார்க்கிறவன், நாங்கள் ஸ்பேனர் என்று கூப்பிடுகிறவன், அவன் மட்டும் கைதட்டவில்லை. வெளியே வந்ததும், "ஏன்யா, சும்மா இருந்த வாயை எதுக்குய்யா குடுத்த?" என்றான். அவனுக்குப் பொறாமை.

நீ பயப்படாதே. அதெல்லாம் மேடைப் பேச்சு. புது வண்டிகள் மே மாதம் ஓட ஆரம்பிக்கும். அன்றைக்கே பழைய வண்டிக்காரர்களுக்கு லீவு கொடுத்துவிடுவார்கள். ஆகஸ்டில் உனக்குப் பிள்ளை பிறக்கும்போது மாமா கட்டில் பக்கத்தில் இருப்பேன். மாப்பிள்ளை கப்பலிலேயே கிடக்கட்டும், நான் ஒருவன் பத்துப் பேருக்குச் சமம்.

போன வாரம் பாலத்து வளைவில் வண்டி தானாக நின்றுவிட்டது. கிழட்டு வண்டி, மூச்சு வாங்குகிறது. செல்லமாக ஒரு தட்டு தட்டினேன், குதிரை மாதிரிக் கிளம்பிவிட்டது.

உன் அம்மாவின் ஒரே தம்பி,
மாமா


ஏப்ரல் 2

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரிப்பதற்கு. இரண்டாவது முறை, அரை கிலோமீட்டர், கூரை, குதிரை எல்லாவற்றையும் கழித்துவிட்டு மீதி என்ன என்று பார்ப்பதற்கு.

மீதி இருப்பது பயமாக இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் உண்மையிலேயே அப்படிச் சொன்னீர்களா? அவர்கள் என்னை மாதிரி உங்களிடம் வளர்ந்த பிள்ளைகள் இல்லை மாமா. நீங்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

இங்கே லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. படி ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக எதிர் கட்டடத்துச் சுவரைப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டு அக்காதான் காய்கறி வாங்கி வந்து தருகிறார். அவரும் வேலைக்குப் போகிறவர். அவர் குழந்தைப்பேறுக்கு ஓடி வருவார் என்று எப்படி எதிர்பார்ப்பது? குழந்தை பிறந்தபின் கூடவே இருக்கவும் அவரால் முடியாது. கப்பல் அக்டோபரில்தான் கரை சேரும். உங்களைத் தவிர எனக்கு யாரும் இல்லை என்று எழுதினால் பெரிய வசனம் மாதிரி இருக்கும். ஆனால் கணக்கு அதுதான். ஜூலையிலேயே வந்துவிடுங்கள்.

இன்னொன்று. சின்ன வயதில் உங்கள் மடியில் உட்கார்ந்து எத்தனை தடவை ஊரைச் சுற்றியிருக்கிறேன். ஓட்டுகிறவர் கால் பெடலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், எடுத்தால் வண்டி தானே பிரேக் போட்டு நின்றுவிடும் என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். "இந்தக் காலை எடுக்க முடியாததாலதான் உங்க மாமா கல்யாண மேடைக்கே போகல" என்பீர்கள். வண்டி மூச்சு வாங்கியதா, கால் வழுக்கியதா? உங்கள் கால் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
சிட்டு


மே 11

அன்புள்ள சிட்டுவுக்கு,

என் காலைப் பற்றிக் கேட்கிற உரிமை உலகத்தில் உனக்கு மட்டும்தான் உண்டு, ஆகவே மன்னித்தேன். ஓட்டுநர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது. டாக்டர் என் முழங்காலில் சுத்தியலால் தட்டி, "கால்ல ஏதாச்சும் மரமரப்பு, எரிச்சல் உண்டா?" என்றார். "இருபது வயசுக் கால் சார்!" என்று நின்ற இடத்தில் ஒரு துள்ளு துள்ளிக் காட்டினேன். டாக்டரே தன் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

புது வண்டிகளில் ஒரு சின்னச் சிக்கல். வளைவில் இருக்கிற நிறுத்தங்களில் அவற்றின் வயிறு பிளாட்பாரத்தை உரசுகிறது. வண்டி வாங்கியவர்கள் வளைவை அளக்க மறந்துவிட்டார்கள். இப்போது பிளாட்பாரங்களை வெட்டுகிறார்கள். அதுவரை புது வண்டிகள் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்குகின்றன. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குத் திரையைத் தொடத்தான் தெரியும். பழைய வண்டியின் கைப்பிடியைக் கண்டால் பேயைக் கண்ட மாதிரி ஓடுகிறார்கள். ஆகவே நகரமே இப்போது என் காலில் நிற்கிறது.

லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். மற்றவர்கள் கொடுத்த கடிதத்தில் சிவப்பு மையால் ஒரு வார்த்தை எழுதித் திருப்பினார்கள். என்னை மட்டும் பெரிய என்ஜினியர் அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். உட்கார வைத்தார், கவனி! "நீங்களே லீவு கேட்டா எப்படி? அன்னைக்கு நீங்க சொன்ன தைரியத்துலதானே பழைய வண்டிக்குப் பதிலா வாடகை பஸ் வேணாம்னு மேல எழுதிட்டேன்" என்றார். எவ்வளவு பெரிய மரியாதை பார்! ஒரு மனிதனை நம்பி ஒரு நிர்வாகமே நிற்கிறது. இதற்குமேல் நான் எப்படி லீவு என்று வாய் திறப்பது?

ஜூலைக்குள் பிளாட்பாரம் வெட்டி முடிந்துவிடும். முடியாவிட்டால் நானே கடப்பாரையோடு இறங்கிவிடுவேன்.

பாலத்தில் வண்டி மறுபடி நின்றது. இரண்டு முறை. பெரிதாக ஒன்றுமில்லை.

அன்புடன்,
மாமா


ஜூன் 3

அன்புள்ள மாமா,

உங்களிடம் எல்லா வார்த்தையும் இருக்கிறது. 'முடியலை' என்ற ஒன்றுதான் இல்லை. அம்மா இறந்த அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு, "என் பிள்ளையை நான் ராஜாத்தி மாதிரிப் பாத்துக்குவேன்" என்று தெரு முழுவதும் சொல்லிக்கொண்டு வந்தீர்களாமே. அதன்படி செய்தும் காட்டினீர்கள். அதனால்தான் நீங்கள் சொல்வது எது பொய், எது மெய் என்று எனக்கே சில சமயம் பிடிபடுவதில்லை. ஆனால் டாக்டரிடம் துள்ளிக் காட்டினேன் என்று நீங்கள் எழுதியதும் எனக்குப் புரிந்துவிட்டது.

பாலத்தில் நிற்பது வண்டி அல்ல. உங்கள் கால் மரத்துப் போகிறது. பெடல் கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியவில்லை. போன வருடம் வந்தபோது செருப்பு ஒன்று கழன்று விழுந்ததே தெரியாமல் நீங்கள் என் வாசல்வரை நடந்து வந்ததை நான் பார்த்தேன். அப்போதும், "ஒத்தைச் செருப்புல நடக்கிறது உடம்புக்கு நல்லது" என்றீர்கள்.

தயவுசெய்து டாக்டரிடம் போய் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். உங்களை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். நீங்கள் வீட்டுக்குப் போகலாம். இங்கே வரலாம். உங்கள் காலுக்கும் நல்லது, வண்டியில் போகிறவர்களுக்கும் நல்லது. பிரசவத் தேதி முந்தும்போல் இருக்கிறது என்கிறார் என் டாக்டர்.

சிட்டு


ஜூன் 20

அன்புள்ள சிட்டுவுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். போய்ச் சொன்னேன்.

டாக்டர் அறையில் பெரிய என்ஜினியரும் இருந்தார். "சார், எனக்குக் கால் மரத்துப் போகுது. பெடல் தெரியலை" என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள். சும்மா சிரிப்பில்லை, மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். "போங்கண்ணே! போன மாசம்தான் இங்க துள்ளிக் காட்டுனீங்க. லீவு கிடைக்கலேன்னு இப்படி ஒரு கதையா? உங்க கதைல இதுதான் கொஞ்சம் சுமார்" என்றார் டாக்டர். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன், சிட்டு. ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை. வாய் பழகிவிட்டது.

வெளியே வந்து ஸ்பேனரிடம் சொன்னேன். அவன்கூட, "நல்ல யோசனைய்யா, ஆனா நொண்டிக்கிட்டே போயிருக்கணும்" என்றான்.

ஓட்டுநர் அறைக்கு உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினால் முன்பெல்லாம் சிம்மாசனம் மாதிரி இருக்கும். இப்போது ஒரு கால் அளவு இடமாகத் தெரிகிறது. அந்தக் காலும் என்னுடையது மாதிரி இல்லை. ஆனால் கவலைப்படாதே. பாலத்து வளைவில் குனிந்து பார்த்துப் பார்த்து ஓட்டுகிறேன். என் கண்தான் இப்போது என் கால். நகரத்திலேயே கண்ணால் பெடல் மிதிக்கிற ஒரே ஓட்டுநர் உன் மாமாதான்.

பிளாட்பாரம் செப்டம்பரில் முடியுமாம்.

மாமா


ஜூலை 9

மாமா,

வர வேண்டாம். இனி கேட்கமாட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா, வலி வந்தால் சுவரைத் தட்டச் சொல்லியிருக்கிறார். அவர் இருந்தால் கேட்கும். என்னைக் கீழே இறக்க நாற்காலி கொண்டுவர ஆட்கள் இருக்கிறார்களாம்.

கோபமில்லை. நீங்கள் உங்கள் அறையில், நான் என் அறையில். அவ்வளவுதான். கீழே பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டாதீர்கள். முன்னால் யாராவது குழந்தை ஓடிவரும்.

சிட்டு


ஜூலை 17

சிட்டு,

இதை ஓட்டுநர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி பாலத்து வளைவில் நிற்கிறது. காகிதம் இன்றைய நேரப்பட்டியலின் பின்பக்கம்.

உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. வளைவு வந்தது. வழக்கம்போல் பெடலைக் குனிந்து பார்த்தேன். கால் பெடல் மேலேதான் இருந்தது. நிமிர்ந்தபோது தண்டவாளத்தில் ஒரு பெண்ணும் ஒரு தள்ளுவண்டியும். தள்ளுவண்டியில் குழந்தை என்று எழுத வந்தேன். இல்லை, பழக்கூடை. அவள் ஓடி ஒதுங்கிவிட்டாள். எங்களுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி என்று எழுத வந்தேன். அதுவும் இல்லை. நிறைய இடம் இருந்தது. ஆனால் நிமிரும்வரை அவளை நான் பார்க்கவேயில்லை.

கையால் என் காலைப் பிடித்துத் தூக்கிப் பக்கத்தில் வைத்தேன். வண்டி நின்றது. இந்த முறை தானாக நிற்கவில்லை. நான் நிறுத்தினேன்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து கேட்டார்கள், "அண்ணே, என்ன, வண்டி மூச்சு வாங்குதா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் முடியலை" என்றேன்.

சிரித்தார்கள். "சரி சரி, கிளம்புங்கண்ணே, பின்னால வண்டி நிக்குது."

"முடியலை" என்றேன். மறுபடி சிரிப்பு. மறுபடி சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் யாரோ, "அண்ணே, நெஜமாவா?" என்றார்கள். என்னை இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

வண்டிக்குள் இருநூறு பேர். இல்லை, பத்துப் பதினைந்து பேர். அவர்களும் என்னோடு மாட்டிக்கொண்டார்கள். ஒரு அம்மாள் கதவைத் தட்டி, "என்னப்பா, வண்டி போகுமா போகாதா?" என்று கேட்டார். "போகாதும்மா, நான் ஓட்ட மாட்டேன், கால் சரியில்லை" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பின்னால் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. வாடகை பஸ்ஸுக்குச் சொல்லியிருக்கிறார்களாம். ஸ்பேனரும் பெரிய என்ஜினியரும் தண்டவாளம் வழியாக நடந்து வருகிறார்கள். என்ஜினியரின் முகம் நன்றாக இல்லை. வேலையை விட்டு அனுப்புவாரோ, டாக்டரிடம் அனுப்புவாரோ தெரியாது. உன்னிடம் எந்தத் தேதியில் வந்து சேருவேன் என்பதும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறேன், பார்த்துக்கொள். வந்தால் ஐந்து மாடியும் ஒரே மூச்சில் ஏறுவேன் என்று நினைக்காதே. ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்துதான் வருவேன்.

அவர்கள் வண்டியின் படிக்கட்டுக்கு வந்துவிட்டார்கள். கதவைத் திறக்கப் போகிறேன்.

கால் இன்னும் பெடலுக்கு வெளியேதான் இருக்கிறது.

மாமா