அரிவாள்மணை வேண்டாம்

லேபர் கேம்ப், மாட்டுங்கா
3-1-1965

அன்பு மகள் முருகம்மாளுக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் இங்கே சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் பேரன் சுயம்புவும் பிலாய்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்பதே எனக்கு எந்நேரமும் நினைப்பு. இந்தக் கடிதத்தையும் பொங்கல் பெட்டியையும் மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் நெல்லையப்பன் தம்பியிடம் கொடுத்து விடுகிறேன். பெட்டியை இப்போது தொடாதே, இதைக் கடைசி வரை படி. அரிவாள்மணையைக் கையில் எடுத்திருந்தால் எடுத்த இடத்திலேயே வை.

தீபாவளிக்கு உன் அப்பா கட்டி அனுப்பிய பெட்டியோடு இரண்டு நாள் போராடி, கடைசியில் மாப்பிள்ளை அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய் உளி வைத்துப் பிளந்தார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். உன் அப்பாவோ அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குழாயடி வரைக்கும் போய்ப் படித்துக் காட்டினார், இரும்பு செய்யிற ஊர்லயே என் கட்டுக்கு உளி கேட்டுருக்கு பாத்தீயளா என்று ஒரே பெருமை. இருபத்தாறு வருஷமாகப் பீங்கான் கம்பெனியில் பாக்கிங் மேஸ்திரி, அவர் கட்டிய கோப்பை கப்பலில் உருண்டு புரண்டாலும் கீறல் இல்லாமல் மொம்பாசா போய்ச் சேரும், அதெல்லாம் சரிதான், ஆனால் முறுக்கையும் அப்படியே கட்டுவேன் என்றால் என்ன செய்வது. மைதா மூட்டை வாயில் சங்கிலித் தையல் போட்டிருப்பார்களே, நுனியைப் பிடித்து இழுத்தால் கடகடவென்று பிரிந்து வருமே, அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது. சின்னப்புள்ள இழுத்தா பிரியுறதெல்லாம் ஒரு தையலா என்பார்.

இப்படி இருக்கும்போது போன மாதம் கம்பெனி மானேஜரின் வீட்டம்மா, அந்தக் கோவாக்கார அம்மாள், தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் விழா வைத்தாள். முப்பது பிள்ளைகளுக்கு முப்பது பொம்மை. கலர்க் காகிதம் விற்கிற விலைக்கு வாங்க வேண்டாம், வீட்டில் இருப்பதை வைத்தே அழகாகச் சுற்றிக் கொண்டு வா மேஸ்திரி என்று உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். நானும் அடுத்த வீட்டு நூர் நிஷாவும் உட்கார்ந்தோம். பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கம் நல்ல வழவழப்பு, ஆனால் மறுபக்கம் முருகன் இருக்கிறாரே, கத்தரி வைக்க எனக்குக் கை வரவில்லை. எங்க வீட்டுக் காலண்டர்ல கப்பல் படம்தான் அக்கா, தாராளமா வெட்டுங்க என்று ஒரு கட்டாகவே தூக்கி வந்தாள் நூர் நிஷா. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிச் சிவப்புச் சாயத்தில் தொட்டு ஒற்றினோம், தாள் முழுக்க ஐந்து இதழ்ப் பூ. அவள் வீட்டுக்காரரின் தையல் கடையில் மிஞ்சிய சாட்டின் துண்டுகளை ரிப்பனாக்கினோம், பூ கட்டுகிற நாரில் சரிகைப் பிசிறைச் சுற்றிக் குஞ்சம் வைத்தோம். கையெல்லாம் சிவப்பு, கல்யாண வீடு மாதிரி இருந்தது.

நாங்கள் தண்ணீர் பிடிக்கப் போய் வருவதற்குள் உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, இது பஸ்ஸில் ஏறுவதற்குள் கிழிந்துவிடும் என்று ஒவ்வொரு பொம்மையையும் வைக்கோலில் புதைத்து, அட்டை வைத்து, சாக்குத் துணியில் போட்டுக் கோணி ஊசியால் நெருக்கித் தைத்து, சணல் முடிச்சுப் போட்டு, அரக்கும் வைத்துவிட்டார். அதற்கு மேலே எங்கள் வெண்டைக்காய்ப் பூக் காகிதம். வெளியே பார்த்தால் மகாலட்சுமி, உள்ளே துறைமுகம்.

விழாவுக்கு நானும் போனேன். கிறிஸ்துமஸ் தாத்தா யாரென்றால் குமாஸ்தா வானமாமலை அய்யங்கார், பஞ்சுத் தாடியை ஒட்டியவர் நெற்றி நாமத்தை அழிக்க மறந்துவிட்டார். பிள்ளைகள் காகிதத்தை ஒரு நொடியில் கிழித்தன. அப்புறம் சாக்கு. இழுத்தன, மிதித்தன, தரையில் அடித்தன, ஒரு பிள்ளை அழ ஆரம்பித்ததும் முப்பதும் அழுதன. அய்யங்கார் பல்லால் கடித்துப் பார்த்தார், முடிச்சு வரவில்லை, தாடிதான் வந்தது. கேக்கை விட்டுவிட்டுத் தகப்பன்மார் எல்லாரும் கட்டிங் பிளேயரும் சுத்தியலுமாக உட்கார்ந்தார்கள், ஒரு மணி நேரம் ஆனது. மானேஜர் வீட்டம்மா கோபப்படவில்லை, மேஸ்திரி, இது பிள்ளைகளுக்குப் பரிசா பாங்குப் பெட்டியா என்று இந்தியில் கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் கோணி ஊசியை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார். முறுக்கும் அதிரசமும் சுட்டு வைத்து நாலு நாளாகியும், உனக்குக் கட்டுங்கள் என்றால் கேட்காதது போல் சட்டையை மாட்டிக்கொண்டு சயான் ஸ்டேஷன் வரைக்கும் நடந்துவிட்டு வருவார். முந்தாநாள் உன் பழைய கடிதத்தை எடுத்து மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். ரெண்டு நாளாத் தொறக்க முடியலன்னா புள்ள அன்னிக்குத் தீவாளிக்கு என்னத்தத் தின்னுருக்கும் என்று கேட்டார். பிறகு, நான் கட்டுன பெட்டிய ஒருத்தர் தொறக்கிறத இந்த வயசு வரைக்கும் நான் பாத்ததே இல்லயே, கப்பல்ல ஏத்தினா அதோட சரி, அந்தப் புள்ளயள் அழுததத்தான் மொதல்ல பாத்தேன் என்றார். நான் எழுந்து போய் அரிசி டப்பாவைத் திறந்து ஊசியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன் முருகு.

அதற்கப்புறம் என் பாடுதான் திண்டாட்டம். பெட்டியைக் கட்டுவார், நூர் நிஷாவின் குழந்தையை என் இடுப்பில் ஏற்றுவார், ஒற்றைக் கையால் திற என்பார். முருகம்மா புள்ளய எறக்கி வச்சுட்டுத்தான் தொறப்பாளா என்று அதட்டல். ஐந்து தடவை அவர் கட்ட, ஐந்து தடவை நான் திறந்தேன், அந்தச் சாக்கில் குழந்தை பாதி அதிரசத்தைத் தின்றுவிட்டது, எண்ணிக்கை குறைந்தால் என்னைக் கேட்காதே. ரயில் நாகபுரி தாண்டுவதற்குள் பிரிந்து கொட்டிவிடுமோ என்று அவருக்கு உள்ளூர நடுக்கம், நெல்லையப்பனிடம் தலைக்கு வைத்துப் படு என்று பத்துத் தரம் சொல்லிவிட்டார்.

கருப்பட்டியை எறும்பு அண்டாமல் வை, மாப்பிள்ளைக்குத் தினமும் எண்ணெய்ப் பலகாரம் வைக்காதே, சாக்குத் துணியை எறிந்துவிடாதே. பெட்டி எப்படித் திறந்தது என்று அன்றைக்கே ஒரு கார்டு போடு. அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார், ஆனால் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்பார். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நூறு பொங்கல் பொங்க வேண்டும்.

இனி பெட்டிக்குப் போ. வெண்டைக்காய்ப் பூக் காகிதத்தைப் பிரித்தால் சாக்கின் வலது மூலையில் சிவப்பு நூல் தொங்கும். நீ இழுக்காதே, மாப்பிள்ளையும் இழுக்க வேண்டாம். உன் அப்பா போட்டிருப்பது சங்கிலித் தையல். கம்பெனி எழுத்தில் மையால் அவரே சாக்கின் மேல் எழுதியும் இருக்கிறார்: பேரன் இழுக்கவும்.

இங்ஙனம், உன்னை நினைத்தபடியே இருக்கும் அம்மா,
முப்பிடாதியம்மாள்