ஹரிகேனின் ரேடியோ கம்பி

கிளெனிஸ்,

பல் டாக்டரிடம் போகிறேன், ஒரு மணிக்கு வந்துவிடுவேன். ஸ்டியூ அடுப்பில் இருக்கிறது, சூடுபண்ணிச் சாப்பிடு. நாரிஸ் வந்தால் வாசலோடு அனுப்பிவிடு. மாடி அறைச் சாவியை நானே எடுத்துப் போகிறேன். ஏன் என்று உனக்கே தெரியும்.

யாரோ என் ஹரிகேன் விமானத்தைத் தொட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை போட்டிக்குப் போக வேண்டிய மாடல். முதுகிலிருந்து வாலுக்குப் போகும் ரேடியோ கம்பியை நான்தான் செய்தேன், பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி இளக்கி, நூலாக இழுத்து. அது கறுப்பு. இப்போது இருப்பது நரை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தலைமுடி!

முதலில் நாரிஸைத்தான் சந்தேகப்பட்டேன். போன வாரம் மாடல் விமானக் கிளப்பில், "என்னய்யா, கம்பியா இது? துணி காயப்போடலாம் போலிருக்கே!" என்று எல்லார் முன்னாலும் சிரித்தவன். ஆனால் அவன் தலை சுத்த வழுக்கை. என் முடியோ அரை அங்குலம்தான்.

ஞாயிற்றுக்கிழமை, "உன் மேஜைப் பக்கமே நான் போகல, போதுமா?" என்று கத்தினாயே, அப்போது உன் கையில் தூசி தட்டும் துணி இருந்தது. நான் மறக்கவில்லை.

டெஸ்மண்ட்

பி.கு.: உன் கம்பி என்னுடையதைவிட மெல்லிசு. பார்த்தால் நிஜ விமானம் மாதிரியே இருந்தது.

"இருந்தது" என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. குனிந்து பார்த்ததில் என் மூக்கு இடித்து அதுவும் அறுந்துபோயிற்று. சாவியை டீ பானைக்கு அடியில் வைத்துவிட்டேன். இன்றைக்கு உன் சீப்பைச் சுத்தம் பண்ணிவிடாதே.