கூரியரிலேயே அனுப்புங்கள்

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முட்டிவலி தேவலையா? நான் பெங்களூரில் சுகம்.

எங்கள் ஊழியர்களுக்கு மட்டும் இருந்த கம்பெனி ஆப் இப்போது எல்லோருக்கும் ஆப் ஸ்டோரில் கிடைக்கிறது. உள்ளே போய்ச் சோதிக்க லாகின் இல்லை என்று ஸ்டோர்காரர்கள் முதலில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். தாஜுதீன் என்று உங்கள் பெயரிலேயே ஒரு லாகின் போட்டுக் கொடுத்தேன், ஒப்புதல் வந்துவிட்டது.

மீட்டிங்கில் இந்த வேலை முழுவதையும் தானே செய்ததாக வசீம் சொல்லிவிட்டான். துவாக்குடியில் படித்தபோது நான்கு வருஷம் நம் வீட்டில் சாப்பிட்ட அதே மாமி மகன்தான். “தாஜுதீன் யாரு?” என்று மேனேஜர் கேட்டார். “சும்மா ஒரு பேரு சார்” என்றான்.

வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறான். ஒன்றும் கேட்காதீர்கள், சோறு போடுங்கள். என் இட்லிப்பொடியை மட்டும் அவனிடம் கொடுத்துவிடாதீர்கள்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

மகள் தஹ்ஸீன்